அத்தானின் பிரஷ் எட்டாத இடம்

என் அக்காவின் கணவர், நான் அத்தான் என்று கூப்பிடும் மனிதர், எந்த இயந்திரத்துக்கும் காதாலேயே வியாதி கண்டுபிடிப்பவர். தண்ணீர் மோட்டார், தையல் மெஷின், அயல்வீட்டு ஃபிரிட்ஜ், எதுவாக இருந்தாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணை மூடி, ஒரு காதை நீட்டிக்கொண்டு நிற்பார். பிறகு கண்ணைத் திறந்து ஏதாவது ஒரு சாமானின் பெயரைச் சொல்வார். அது பிழையாக இருக்கும். அதனால் எங்கள் குடும்பத்தில் அவருடைய மதிப்பு ஒரு துளியும் குறைந்ததில்லை. துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவர் பிழையாகச் சொல்லக்கூடும் என்று அங்கே யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்குத் தோன்றும். வாயால் சொல்ல மாட்டேன், முகத்தில் காட்டுவேன்.

என் கார் சத்தம் போடத் தொடங்கியபோதும் அப்படித்தான் வந்து நின்றார். அது ஒரு பழைய ஜப்பான் கார், என் மகளை விட வயது கூடியது. பார்க்கிறதுக்கு ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் வீட்டு நடப்பெல்லாம் அந்தக் காரை நம்பித்தான் இருந்தது. நான் இருப்பது துறைமுகப் பக்கம் ஓர்ஸ் ஹில்லில், வேலை வெருகலில் ஒரு அரசாங்கக் கந்தோரில். கிண்ணியாப் பாலம் கடந்து, மூதூர் கடந்து, அதற்கும் அப்பால் வயலும் பற்றைக்காடுமாகப் போகும் வீதியில் தினமும் போய் வர வேண்டும். என் கணவர் கட்டாரில். காலையில் மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போவது அக்கா. பின்னேரம் நான் வந்து அக்கா வீட்டிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு வருவேன். பிறகு சாப்பாடு, வீட்டுப்பாடம், சண்டை, சமாதானம், நித்திரை. தன் காலைத் தூக்கி என் வயிற்றில் போட்டால்தான் அவளுக்குக் கண் மூடும். பஸ்ஸில் போய் வந்தால் நான் படலையைத் திறக்கிற நேரம் அவள் உறங்கிப்போயிருப்பாள்.

சத்தம் மெதுவாகத்தான் தொடங்கியது. நேரே ஓடும்போது ஒன்றுமில்லை. சந்தியில் திருப்பும்போது மட்டும் முன்பக்கத்திலிருந்து டக், டக், டக் என்று யாரோ விரல் முறிப்பது போல ஒரு சத்தம். அத்தான் வந்தார். எஞ்சினைப் போடச் சொன்னார். நின்ற காரின் முன்னால் தலையைச் சாய்த்து நின்றார். திருப்பும்போதுதான் சத்தம் வருகிறது, நின்றால் வராது என்று சொன்னேன். கையைக் காட்டி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார். வராத சத்தத்தை வெகுநேரம் கேட்டுவிட்டு, "ஷொக் அப்சோபர்" என்றார்.

மாற்றினோம். சத்தம் போகவில்லை. அவருக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டி வந்தார். அந்த மனிதருக்கு அத்தான் சொல்வதை இன்னொரு முறை சொல்வதுதான் தொழில். இரண்டு பேருமாகச் சேர்ந்து "பெயரிங்" என்றார்கள். அதையும் மாற்றினோம். சத்தம் இன்னும் கொஞ்சம் கூடியது. பிறகு அத்தான் நாவூறு, கண்பட்டுவிட்டது என்று சொல்லி முன்பக்கத்தில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோர்த்துக் கட்டினார். சத்தம் எலுமிச்சம்பழத்தையும் மதிக்கவில்லை. கடைசியில் அத்தான் தன் அறிவுக்கு எட்டிய உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்தார். காரணம் நான்தான்.

"பெம்பிளையள் ஸ்டியரிங்கைப் பிடிச்சா உப்பிடித்தான்," என்றார். "முறிச்சு முறிச்சுத் திருப்புவினம். வாகனம் என்ன செய்யும் பாவம்."

அத்தானுக்கு லைசன்ஸ் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் என் காரை அவர் கவனிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். அதனால் மாரி மழை தொடங்க முதல் துறைமுகத்தை அண்டியிருக்கிற ஆண்களுக்கெல்லாம் ஒரு வேலை வரும். எஞ்சினிலிருந்து வடித்த கறுத்த பழைய ஒயிலைத் தகரத்தில் ஊற்றி, கொஞ்சம் டீசலைக் கலந்து, பிரஷ்ஷால் வாகனத்தின் அடிப்பக்கம் முழுக்கப் பூசுவார்கள். வள்ளத்துக்குப் பூசின கை சும்மா இருக்காது, ஓட்டோவுக்கும் பூசும், வானுக்கும் பூசும். அத்தான் இதில் ஒரு பக்தர். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு என் காரின் கீழே மல்லாந்து படுத்து, சக்கரத்துக்குப் பின்னால், அச்சுக்கு மேல், கை போகிற இடமெல்லாம் மெழுகுவார். வருடத்துக்கு வருடம் தவறியதில்லை. முடிந்ததும் எழுந்து நின்று, இனி ஒரு துருவும் அண்டாது என்று அறிவிப்பார். நான் தேத்தண்ணி கொடுக்க வேண்டும், நன்றியும் சொல்ல வேண்டும். தேத்தண்ணி கொடுப்பேன்.

இந்தப் பின்னணியில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் கூட்டம் நடந்தது. கூட்டம் என்றால் அத்தான் கதிரையில், நான் எதிரே, அக்கா குசினி வாசலில், என் கணவர் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த போனுக்குள்.

"பிள்ளை, உந்தக் காரை இனி நம்பேலாது," என்றார் அத்தான். "நடுவழியில நிண்டா என்ன செய்வீர்? வெருகல் றோட்டில பின்னேரம் ஆனை வரும். நீர் அங்க ஒரு போர்டிங் எடுத்து நில்லும். வெள்ளிக்கிழமை வாரும். மகள் எங்களோட நிக்கட்டும். நாங்கள் என்ன பிறத்தி ஆக்களே?"

என் கணவர் போனுக்குள் இருந்து "ஓம் ஓம்" என்றார். என்னுடைய மகள் என் பக்கத்தில் உறங்க வேண்டுமா வேண்டாமா என்பதை, வருடத்தில் ஒரு முறை வந்து போகிற மனிதரும், லைசன்ஸ் இல்லாத மனிதரும் சேர்ந்து முடிவு செய்துகொண்டிருந்தார்கள். அக்காவைப் பார்த்தேன். அவ நிலத்தைப் பார்த்தா. அக்காவுக்குப் பிள்ளை இல்லை. எங்கள் குடும்பத்தில் அதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

"ஒரு கிழமை தாங்கோ," என்றேன். "அடுத்த திங்கட்கிழமை கார் சத்தமில்லாமல் ஓடும். ஓடாட்டி நீங்கள் சொல்லுற மாதிரிச் செய்யிறன்."

"ஆர் திருத்தப் போறது?"

"நான்தான்."

அத்தான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கூடப் பரவாயில்லை. தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, என்னையும் ஒரு பழுதான மோட்டார் மாதிரிக் கேட்டார்.

அடுத்த நாள் வேலை முடிந்து வரும் வழியில் உள்துறைமுகப் பக்கம் ஒரு வெறும் வளவுக்குள் காரை விட்டேன். அங்கே எப்போதும் போல, ஊருக்குள் திரிகிற மான்கள் குப்பையைக் கிளறிக்கொண்டு நின்றன. ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுதாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு மெல்ல வட்டம் போட்டேன். டக் டக் டக் டக் என்று வலது முன் சக்கரத்தில் அப்படி ஒரு அடி. வலது பக்கம் திருப்பி வட்டம் போட்டேன். சத்தம் இல்லை. திரும்பவும் இடது பக்கம். திரும்பவும் அடி. மான்கள் வாயில் கடதாசியோடு நிமிர்ந்து பார்த்தன. அந்த ஊரில் எனக்கு அறிவுரை சொல்லாமல் பார்த்துக்கொண்டு நின்ற உயிர்கள் அவை மட்டும்தான்.

முதல் நாள் இரவு போனில் தேடிப் படித்திருந்த விஷயம் இவ்வளவுதான். எஞ்சினின் வலு முன் சக்கரத்துக்குப் போவது ஆக்ஸில் என்கிற ஒரு இரும்புத் தண்டு வழியாக. சக்கரம் இரண்டு பக்கமும் திரும்ப வேண்டும் என்பதால் தண்டின் நுனியில் ஒரு மூட்டு இருக்கும், மனிதனின் இடுப்பு மூட்டு மாதிரி. மூட்டுக்குள் சின்ன இரும்புக் குண்டுகள், குண்டுகளைச் சுற்றிக் கிரீஸ், எல்லாவற்றையும் மூடி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை. உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே போகும், மண் உள்ளே வரும், குண்டுகள் தேயும். இடது பக்கம் திருப்பும்போது பாரம் வலது சக்கரத்தில் விழும், அந்தப் பக்க மூட்டுத் தேய்ந்திருந்தால் அது அழும். இதைக் கண்டுபிடிக்கக் காது மட்டும் போதாது. காரை ஓட்ட வேண்டும்.

இறங்கி, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தேன். விரல் முழுக்கக் கிரீஸ், மண்ணோடு. சக்கரத்தின் உள்விளிம்பு முழுவதும் கறுப்பாகத் தெறித்திருந்தது. இத்தனை மாதமாக ஷொக் அப்சோபரைக் கழற்றினவர்களும், பெயரிங்கைக் கழற்றினவர்களும் இதே இடத்தில்தான் கையை வைத்தார்கள். கையில் கறுப்பு ஒட்டினால் சாரத்தில் துடைத்துவிட்டுப் போகிற இனம். எனக்கு வந்த ஆத்திரத்தில் மான்களுக்கு முன்னாலேயே கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன்.

அந்தக் கிழமை முழுக்க, இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு போனில் ஆக்ஸில் மாற்றும் காணொளிகளைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்கு மெக்கானிக்குகள் மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போனது. பெரிய வித்தை ஒன்றுமில்லை. பாரமான வேலை, அழுக்கான வேலை, பொறுமை கேட்கிற வேலை. பெண்கள் வீட்டில் தினமும் செய்வது அதைத்தான்.

சனிக்கிழமை அந்தச் சத்தத்தோடேயே குறிஞ்சாக்கேணிக்குப் போனேன். அங்கே விபத்தில் அடிபட்ட கார்களைக் கழற்றி விற்கிற ஒருவர் இருந்தார், முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல எல்லோருக்கும் அவர் நானா. முற்றம் முழுக்கக் கதவுகளும் எஞ்சின்களும், அவற்றுக்கு நடுவில் ஒரு முருங்கை மரம். அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"நானா, வலது பக்க ஆக்ஸில் வேணும்," என்றேன். காரைக் காட்டினேன்.

"ஆருக்கு?"

"இந்தக் காருக்கு."

"இல்ல மிஸ், ஆரு பூட்டப் போறது? அவரை வரச் சொல்லுங்களேன். உங்களுக்கு வெளங்காது."

"நான்தான் பூட்டப் போறன்."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு என் காரைப் பார்த்தார், பிறகு முருங்கை மரத்தைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு தண்டைத் தூக்கி வந்து என் முன்னால் போட்டார். பார்த்தவுடனேயே தெரிந்தது, நீளம் காணாது, அது இடது பக்கத்தினுடையது. சொன்னேன்.

"ரெண்டும் ஒண்டுதான் மிஸ்."

"ரெண்டும் ஒண்டெண்டா நீளமானதைத் தாங்கோ."

அவர் நீளமானதைக் கொண்டு வந்தார். ரப்பர் உறையை விரலால் அழுத்திப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தது. மூட்டை மடக்கிச் சுழற்றிப் பார்த்தேன், ஆட்டமில்லை, சத்தமில்லை. நான் அதைத் தூக்கிக்கொண்டு போகும்போது பின்னால் யாரிடமோ "அந்த மிஸ் நாளைக்கு இடதையும் கேட்டு வருவா பாரு" என்று சொல்லிச் சிரித்தார். உதவி செய்தவர்தான். ஆனாலும் திரும்பிப் பார்த்து அவரை எரித்துவிட்டுத்தான் போனேன்.

ஞாயிறு காலை அக்காவும் அத்தானும் வந்தார்கள். மகளின் பள்ளிச் சீருடைகளையும் பையையும் எடுத்துக்கொண்டு போக வந்தார்கள், மகளையும்தான். "எதுக்கும் வந்து இருக்கட்டும்," என்றா அக்கா. என் கார் திருந்தாது என்று அவர்கள் அவ்வளவு உறுதியாக இருந்தார்கள். மகள் என் முகத்தைப் பார்த்தாள். பின்னேரம் வந்து கூட்டிக்கொண்டு போவேன் என்று சொன்னேன். அத்தான் முற்றத்தில் கிடந்த ஆக்ஸிலைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"உது உமக்கு ஏலாது பிள்ளை. நான் நிண்டு சொல்லித் தரட்டே?"

"வேண்டாம் அத்தான். நீங்கள் போய்ப் படுங்கோ," என்றேன்.

அவர்கள் போன பிறகு படலையைச் சாத்தினேன். சக்கரத்தைக் கழற்ற முதல் அதன் நடுவில் இருக்கிற பெரிய நட்டைத் தளர்த்த வேண்டும். அது இளகவில்லை. ஸ்பனரின் பிடியில் ஒரு நீட்டுக் குழாயை மாட்டி, குழாயின் நுனியில் ஏறி நின்றேன். நின்று குதித்தேன். எதிர்வீட்டில் ஒரு ஓய்வுபெற்ற வங்கிக்காரர் இருக்கிறார். சந்தைப் பையோடு போய்க்கொண்டிருந்தவர் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"தங்கச்சி, அது அப்பிடியில்ல."

"அப்ப எப்பிடி?"

"அது... ஆம்பிளையள் ஆரையும் கூப்பிட்டுச் செய்ய வேணும்."

இதுதான் அவர் சொல்ல வந்த தொழில்நுட்பம். நான் இன்னொரு முறை குதித்தேன். நட்டு படக்கென்று இளகியது, நான் மண்ணில் விழுந்தேன். அவர் "ஐயோ" என்றார், ஆனால் படலையை விடவில்லை. நான் எழும்பி உட்கார்ந்து, சந்தையில் என்ன மீன் வாங்கினீர்கள் என்று கேட்டேன். அதற்குப் பிறகுதான் மீன் பழுதாகும் என்ற ஞாபகம் வந்து போனார்.

காரை ஜக்கில் உயர்த்தி, கீழே தென்னங்குற்றி இரண்டு வைத்து, குலுக்கிப் பார்த்த பிறகுதான் கையை உள்ளே விட்டேன். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போவது மடத்தனம், அதையும் எங்கள் ஊரில் ஆண்கள் தினமும் செய்கிறார்கள். சக்கரம் வந்தது. அதற்குப் பின்னால் இருந்த நட்டு ஒவ்வொன்றும் துருவில் கல்லாகிக் கிடந்தது. இதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. வருடா வருடம் ஒயில் மெழுகினாரே, ஒரு துருவும் அண்டாது என்றாரே, அந்த ஒயில் எந்த நட்டைக் காப்பாற்றியது? ஒன்றையும் காப்பாற்றவில்லை. சுத்தியலால் தட்டி, துரு இளக்கும் மருந்தை அடித்து, காத்திருந்து, திரும்பத் தட்டி ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பிரேக் தட்டு சுழலாமல் அதன் துவாரத்துக்குள் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் குத்தி நிறுத்தினேன். சக்கரத்தைத் தாங்கும் பகுதியை ஒரு பக்கம் இழுத்துச் சாய்த்து, ஆக்ஸிலின் வெளி நுனியை வெளியே எடுத்தேன். மற்ற நுனி கியர் பொக்ஸுக்குள். தட்டையான ஒரு இரும்பை இடையில் கொடுத்து நெம்பினேன். கை வலித்தது, தோள் வலித்தது, மகள் அங்கே போய் என்ன செய்கிறாளோ என்று நெஞ்சும் வலித்தது. ஒரு நெம்பில் அது கழன்று, கொஞ்சம் கியர் ஒயிலோடு என் மடியில் வந்து விழுந்தது.

அதைத் தூக்கிக்கொண்டு போய் வேப்பமர நிழலில் வைத்துப் பார்த்தேன். சக்கரப் பக்க ரப்பர் உறை தொட்டதும் அமுங்கியது. ஊறின அப்பளம் மாதிரி வீங்கி, வழுவழுத்து, ஒரு மடிப்பில் நீட்டுக்குக் கிழிந்திருந்தது. ரப்பர் வயது போனால் காய்ந்து வெடிக்கும் என்றுதான் காணொளிகளில் காட்டினார்கள். இது காயவில்லை, அழுகியிருந்தது. மூக்கில் பிடித்துப் பார்த்தேன். டீசல்.

தண்டின் மற்ற நுனியைப் பார்த்தேன். கியர் பொக்ஸ் பக்கமும் அதே மாதிரி ஒரு ரப்பர் உறை உண்டு. அதே நாளில் பூட்டியது, அதே வெயில், அதே வீதி, அதே உப்புக்காற்று. அது கறுத்து, இறுகி, புதிது போல இருந்தது. காருக்குக் கீழே போய்ப் படுத்து மேலே பார்த்தேன். அந்த உறை இருந்த இடம் ஒரு இரும்புச் சட்டத்துக்குப் பின்னால், ஆழத்தில். அங்கே ஒயில் கறை இல்லை. அதுவரைக்கும் எல்லா இடத்திலும் பிரஷ் இழுத்த கோடுகள் தெரிந்தன, அந்தச் சட்டத்தோடு நின்றுவிட்டன. அத்தானின் கை அதற்கு மேல் நீளவில்லை. அவருடைய பிரஷ் எட்டாத இடத்தில் மட்டும் என் கார் சுகமாக இருந்தது.

நான் அப்படியே மல்லாந்து கிடந்தேன். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். பழைய ஒயிலும் டீசலும் ரப்பரைத் தின்னும் என்பது தெரியாமல், இந்தக் கரை முழுக்க ஆண்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தங்கள் வாகனங்களுக்கு வருடா வருடம் விஷம் வைக்கிறார்கள். வள்ளத்தின் பலகைக்கு ஏது ரப்பர்? என் ஸ்டியரிங் பிடியில் ஒரு குறையும் இல்லை. என்னிடமிருந்து என் பிள்ளையைப் பிரிக்கப் பார்த்த சத்தத்தை, தன் கையாலேயே, தேத்தண்ணியும் வாங்கிக் குடித்துக்கொண்டு, அத்தான் உண்டாக்கியிருந்தார். அவர் முன்னால் என்ன சொல்ல வேண்டும் என்பதைப் புது ஆக்ஸிலைப் பூட்டும் நேரம் முழுக்க வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நல்ல நல்ல வசனங்கள் வந்தன.

புதுத் தண்டு கியர் பொக்ஸுக்குள் போய்க் 'கிளிக்' என்று பிடித்தது. கழற்றின வரிசைக்கு மறுவரிசையாக எல்லாவற்றையும் பூட்டினேன். பெரிய நட்டை இறுக்க மறுபடியும் குழாயின் மேல் ஏறினேன். குறைந்த ஒயிலை ஊற்றினேன். குளித்தேன், நகத்துக்குள் இருந்த கறுப்பு போகவில்லை. பின்னேரம் காரை எடுத்துக்கொண்டு அதே வெறும் வளவுக்குப் போய், இடது பக்கம் முழுதாகத் திருப்பி வட்டம் போட்டேன். ஒன்றுமில்லை. டயர் மண்ணில் அரைபடுகிற சத்தம் மட்டும். இன்னொரு வட்டம். ஒன்றுமில்லை. மான்கள் தலையை நிமிர்த்தவே இல்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் கொஞ்சம் அழுதேன்.

பிறகு பழைய ஆக்ஸிலைப் பின் ஸீட்டில் கிடத்திக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் முன் விறாந்தையில் கதிரையில் இருந்தார். வணக்கம் சொல்லவில்லை, அந்த இரும்பை அப்படியே அவர் காலடியில் வைத்தேன். சத்தம் நின்றுவிட்டது என்றேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, கொஞ்சமும் கூசாமல், "நான் அப்பவே யோசிச்சனான், ஆக்ஸிலாயிருக்குமோ எண்டு" என்றார்.

அதோடு என் வாய் திறந்தது. காலையிலிருந்து சேர்த்து வைத்த வசனம் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. வீங்கின உறையை அவர் விரலால் அமத்திப் பார்க்க வைத்தேன். மணந்து பார்க்க வைத்தேன். மற்ற உறையைக் காட்டினேன். "இது ஏன் நல்லா இருக்கு தெரியுமோ? உங்கட கை எட்டேல்லை, அதாலதான்," என்றேன். காது கேட்கும் என்றால் ஏன் ஒருநாளும் அடுத்தவர் சொல்வது கேட்பதில்லை என்று கேட்டேன். லைசன்ஸைப் பற்றியும் சொன்னேன். ஒரு காரைக் கெடுத்தது காணாதென்று என் பிள்ளையையும் எடுக்கப் பார்த்தீர்கள் என்றேன். அவர் குனிந்து அந்த ரப்பரைத் திரும்பத் திரும்ப அமத்திக்கொண்டிருந்தார். ஏதாவது எதிர்த்துச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

மகளைக் கூட்டிப் போக உள்ளே போனேன். அக்கா வீட்டில் ஒரு சின்ன அறை உண்டு, பழைய சாமான் போட்டு வைக்கிற அறை. சாமான் ஒன்றையும் காணவில்லை. சுவருக்குப் புது வெள்ளை. நடுவில் ஒரு சின்னக் கட்டில், நீலப் பெயின்ட், இன்னும் மணம் போகவில்லை. மேலே நுளம்பு வலை. மகள் அதன் மேல் ஏறி நின்று ஒரு காலிலிருந்து மறு காலுக்குச் சாய்ந்து கொண்டிருந்தாள்.

"அம்மா, கட்டில் ஆடுது," என்றாள், சிரிப்பை அடக்க முடியாமல். "பெரியப்பா செய்தவர்."

குனிந்து பார்த்தேன். ஒரு கால் கட்டை. கீழே மடித்த மட்டை செருகியிருந்தது. மேல் பலகை ஒரு பக்கம் உயர்ந்து நின்றது. அவர் செய்கிற எதையும் போலத்தான் அதுவும் இருந்தது. ஆனால் நாலு மூலையும் கூர் இல்லாமல் உருண்டையாக, கையில் பட்டால் வழுக்கும்படி அரத்தாளால் தேய்த்திருந்தது. ஒரு நாள் வேலை இல்லை அது. என் கார் சத்தம் போடத் தொடங்கிய நாளிலிருந்து செய்திருக்க வேண்டும்.

அக்கா எனக்குப் பின்னால் வந்து, அலுமாரியில் தொங்கவிட்டிருந்த சீருடைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தா. நான் சொன்னதெல்லாம் அவவுக்குக் கேட்டிருக்கும். கடைசிச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றா.

"அப்ப பிள்ளை இங்க வராதுதானே," என்றா. கேள்வி மாதிரி இல்லை.

எனக்கு எரிச்சலாக வந்தது. வென்ற நாளில் இப்படி ஒரு கட்டிலைக் காட்டுவது அநியாயம். ஒரு பக்கம் கால் கட்டையான, பெயின்ட் காயாத, ஆடுகிற கட்டில். பையைத் தூக்கித் தோளில் போட்டேன், மகளின் கையைப் பிடித்தேன், விறாந்தைக்கு வந்தேன். அத்தான் இன்னும் அந்த ஆக்ஸிலுக்கு முன்னால்தான் குனிந்திருந்தார். படி இறங்கப் போனவள் நின்றேன்.

"கட்டிலின்ர கால் ஒண்டு கட்டை," என்றேன். எவ்வளவு இளக்காரமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு இளக்காரமாகத்தான் சொன்னேன். "வெள்ளிக்கிழமை இரவு பிள்ளை வந்து படுக்கிறதுக்கு முதல் அதைச் சரி பண்ணி வையுங்கோ."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒயில் மட்டும் பூசிப்போடாதேங்கோ," என்று சொல்லிவிட்டுப் போய்க் காரை எடுத்தேன்.